ஒன்ராறியோ: மகளுக்கு ஈஎஸ்எல் சி (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) தந்திருக்கிறார்கள். மறுத்து நேரே ஈஎன்ஜி 2டி (பத்தாம் வகுப்பு வழமையான ஆங்கிலம்) கேட்கலாமா?

வடமராட்சியான் · திங்கள் இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி நடுப்பகுதியில்தான் குடும்பமாக ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். மகளுக்கு 15 வயது. ஊரில் தமிழ் மொழிமூலம் படித்தவள். ஓ.எல். சோதனைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். தவணைச் சோதனைகளில் ஆங்கிலத்துக்கு 80க்குக் குறைய எடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன்னம் ஒரு மதிப்பீட்டு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மா அரை மணித்தியாலம் மகளோடு கதைத்தார், ஒரு பந்தி வாசிக்கக் கொடுத்தார், பிறகு உன்னுடைய பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுது என்று ஒரு தாளைக் கொடுத்தார். மகள் அரைப் பக்கம் எழுதினாள். முடிவு: ஈஎஸ்எல் சி. கணக்கில் பிரச்சினை இல்லை, பத்தாம் வகுப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

மைத்துனர் இங்கே 20 வருடமாக இருப்பவர். "ஈஎஸ்எல் என்று டிரான்ஸ்கிரிப்டில், அந்த மார்க்ஸ் பட்டியலில், விழுந்தால் கம்பஸ் பக்கமே போக ஏலாது, நாளைக்கே போய் மாற்று" என்கிறார். மனைவிக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.

பள்ளிக்கூடம் தந்த பாடப் பட்டியலைப் பார்த்தால் ஆங்கிலம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரு பக்கம் முழுக்கக் குறியீடுகள். 2டி, 2பி, 3யு, 3சி, 3ஈ, 4யு. பிறகு ஏ, பி, சி, டி, ஈ என்று இன்னொரு வரிசை. ஊரில் ஆங்கிலம் என்றால் ஒரு பாடம், ஒரு புத்தகம். விருப்பமென்றால் இலக்கியத்தைத் தனியாக எடுக்கலாம். இங்கே எதை எடுத்தால் எங்கே போய் முட்டும் என்று யாராவது விளங்கப்படுத்துவீர்களா? மாற்றுவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.


கோவை டு பிராம்ப்டன் · திங்கள் இரவு 9.40

மாற்றிவிடுங்கள் சார், யோசிக்காதீர்கள். என் பையன் இரண்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூரிலிருந்து வந்தான். நேராக 2டி-யில்தான் உட்கார வைத்தார்கள். முதல் ரிப்போர்ட் கார்டில் 68, வருஷக் கடைசியில் 81. தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும். கூடவே ஒரு டியூஷன் வைத்துவிடுங்கள்.


வெண்கட்டி · திங்கள் இரவு 11.05

வடமராட்சியான் அண்ணை, நான் இங்கே ஒரு செகண்டரி ஸ்கூலில் 14 வருடமாக ஈஎஸ்எல் படிப்பிக்கிறேன். அதனால் பக்கச்சார்பு இருக்கலாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிராம்ப்டன்காரரிடம் ஒரு கேள்வி: உங்கள் பையன் சிபிஎஸ்இ-தானே? விஞ்ஞானம், சமூகக்கல்வி எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய பிள்ளை. இந்தப் பிள்ளை கிழமைக்கு நாலைந்து பாடவேளை ஆங்கிலத்தைப் படித்தவள். இரண்டும் ஒரே தண்ணீர் இல்லை.

சரி, குறியீட்டுக்கு வருகிறேன். நடுவில் வரும் எண் வகுப்பு: 1 என்றால் ஒன்பது, 2 பத்து, 3 பதினொன்று, 4 பன்னிரண்டு. கடைசி எழுத்து எந்தப் பாதை என்பது. ஒன்பதாம் வகுப்பில் 2023 செப்டெம்பரிலிருந்து எல்லோருக்கும் ஒரே ஆங்கிலப் பாடம், ஈஎன்எல் 1டபிள்யூ. முன்பு அந்த வயதிலேயே அகடமிக், அப்ளைட் என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள், அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பத்தில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. 2டி அகடமிக், 2பி அப்ளைட். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் யு என்றால் பல்கலைக்கழகத்துக்கு, சி என்றால் கொலிஜுக்கு, ஈ என்றால் நேரே வேலைக்கு. 3யு எடுக்க 2டி வேண்டும். 4யு எடுக்க 3யு வேண்டும். 2பி-யில் 95 எடுத்தாலும் அது 3சி-க்குத்தான் கொண்டுபோகும். பெற்றோர் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், ஈஎஸ்எல்-இல் இல்லை.

ஈஎஸ்எல்-இன் ஏ, பி, சி, டி, ஈ வகுப்பு எண் கிடையாது, மொழி மட்டம். 14 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒரே சி-யில் இருக்கலாம். பாடத்திட்டத்தில் சி-க்கு 'இங்கிலிஷ் ஃபார் ஸ்கூல் அண்ட் வர்க்' என்று பெயர், டி-க்கு 'ஸ்டடி ஸ்கில்ஸ் இன் இங்கிலிஷ்', ஈ-க்கு 'பிரிட்ஜ் டு இங்கிலிஷ்'. பெயரே சொல்கிறது, ஈ ஒரு பாலம். ஒன்றுமே தெரியாமல் வந்தவரை ஏ-யில் போடுவார்கள். உங்கள் மகளை மூன்றாம் படியில் விட்டிருக்கிறார்கள்.

இனிக் கணக்கு. பள்ளிப் படிப்பு முடித்ததற்கான டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 110 மணித்தியாலப் படிப்பு. அதில் நாலு கட்டாயம் ஆங்கிலம். அந்த நாலில் மூன்று வரை ஈஎஸ்எல் கிரெடிட்டாக இருக்கலாம்; நாலாவது மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருக்கவேண்டும். ஊரில் ஒன்பதாம் வகுப்பு முடித்ததற்கு அதிபர் ஈக்குவலன்சி கிரெடிட் தருவார், வழமையாக எட்டு. மிச்சம் 22.

உங்கள் பள்ளி செமஸ்டர் முறை என்றால் இந்த வருடம் முதல் செமஸ்டர் சி, இரண்டாவதில் டி. அடுத்த வருடம் முதலில் 2டி-க்குப் பதிலாக ஈ, பிறகு 3யு. பன்னிரண்டில் 4யு. சரியாகத் தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து முடிப்பாள். சில பள்ளிகள் ஈ முடித்ததும் ஒருக்கால் 2டி எடுத்துவிட்டு வா என்பார்கள், அதைக் கைடன்ஸில் (பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் இடம்) இப்போதே கேட்டுவையுங்கள்.

மைத்துனருக்குச் சொல்லுங்கள்: ஈஎஸ்எல் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும்தான். ஆனால் பல்கலைக்கழகம் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த சிறந்த ஆறு யு அல்லது எம் (பல்கலைக்கழகம், கொலிஜ் இரண்டுக்கும் பொதுவான) பாடங்களை. பத்தாம் வகுப்பில் ஈஎஸ்எல் சி-யில் எத்தனை எடுத்தாள் என்பது அந்தக் கூட்டலில் வராது. 2டி-யில் 55 எடுத்துவிட்டு அரைகுறையாக 4யு-க்குப் போனால், அந்த 4யு மார்க் வரும்.


சட்டம்பியார் · செவ்வாய் காலை 6.50

ரீச்சர் புத்தகத்தில் உள்ளதைச் சொல்கிறார். நான் கண்டதைச் சொல்கிறேன்.

என் தங்கச்சியின் மகன் 16 வயதில் வந்தான். பி-யில் போட்டார்கள். வகுப்புக்குப் போய்ப் பார்த்தால் ஒரே அறையில் ஏ, பி, சி மூன்று மட்டமும் இருக்கிறது. ரீச்சர் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்கு ஓடித் திரிகிறார். ஏ பிள்ளைகளுக்கு நிறம், உடுப்பு, சாப்பாட்டுப் பெயர். இவன் அதையும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். பின்வரிசையில் நாலு தமிழ்ப் பெடியள், நாள் முழுக்கத் தமிழில் கதை. டி-க்குப் போகவே ஒன்றரை வருடம். கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டாம் தரம் படித்து 19 வயதில் வெளியே வந்தான். அவனோடு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சண்டை பிடித்து நேரே போனது, 18-இல் கம்பஸ்.

அண்ணை, சண்டை பிடிக்கிறவனுக்குத்தான் இந்த ஊரில் வழி.


நெறியாளர் · செவ்வாய் காலை 8.15

சட்டம்பியார் முதலில் எழுதிய பதிவில் இருந்த பள்ளியின் பெயரை எடுத்துவிட்டேன். அனுபவத்தைத் தாராளமாக எழுதுங்கள், பெயர் வேண்டாம்.


வெண்கட்டி · செவ்வாய் மாலை 4.32

சட்டம்பியார் சொல்வது பொய் இல்லை. ஒரு மட்டத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள்தான் என்றால் தனி வகுப்பு ஓட்ட ஆசிரியர் ஒதுக்க மாட்டார்கள், இரண்டு மூன்று மட்டத்தை ஒன்றாகப் போடுவார்கள். எனக்கும் இந்த வருடம் பி-யும் சி-யும் ஒரே அறை. ஒரு பக்கம் கடந்தகாலம் படிப்பித்துக்கொண்டு மற்றப் பக்கம் பந்தி எழுதுவிப்பது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லித் தந்தால் புண்ணியம்.

அதனால்தான் கைடன்ஸுக்குப் போகும்போது "ஈஎஸ்எல் வேண்டாம்" என்று தொடங்காமல், இந்தச் சி வகுப்பு தனியா, வேறு மட்டத்தோடு கலந்ததா என்று கேளுங்கள். இரண்டாம் செமஸ்டரில் டி நிச்சயமாக ஓடுமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் டி வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும். அதைத் தவறவிட்டால்தான் சட்டம்பியாரின் மருமகனுக்கு நடந்தது நடக்கும்.


மேப்பிள் பாணி · செவ்வாய் இரவு 10.21

நான் இப்போது கம்பஸில் இரண்டாம் வருடம். 14 வயதில் வந்தேன். எனக்கு ஈஎஸ்எல் பி என்றார்கள். அப்பா போய் வாதாடி ஈஎன்ஜி 1டி-யில் போடுவித்தார் (அப்போது ஒன்பதிலும் டி, பி இருந்தது). சட்டம்பியார் சொன்ன அந்தச் சண்டை பிடித்த வீடு எங்களுடையது மாதிரித்தான். முடிவு மட்டும் வேறு.

முதல் எஸ்ஸே ஒரு சிறுகதை பற்றியது. நான் இரண்டு பக்கத்துக்கு அந்தக் கதையை அப்படியே சுருக்கி எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை மூன்றோ நாலோதான். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஐந்து இடத்தில் பச்சை மையால் "சோ வாட்?" என்று எழுதியிருந்தது. ரீச்சருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து இரண்டு கிழமை அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நல்ல வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்து இறக்கினால் மார்க்ஸ் வரும். இங்கே கதையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும்தான் வாசித்திருக்கிறார்களே. நீ அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், எந்த வரியைக் கண்டு அப்படி நினைத்தாய் என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த "சோ வாட்"டை எனக்கு விளங்கப்படுத்தினது ஈஎஸ்எல் டி படித்த ஒரு சிநேகிதன். பஸ்ஸில் வைத்துச் சொன்னான். "அவன் கதவை இரண்டு தரம் பூட்டினான் என்று கதையில் வருகிறதல்லவா? நீ 'அவன் கதவைப் பூட்டினான்' என்று எழுதிவிட்டுப் போகிறாய். ஏன் இரண்டு தரம்? வீட்டுக்குள்ளே இருந்தும் அவனுக்குப் பயம் போகவில்லை. அதை எழுது. அதுதான் சோ வாட்." அவர்களுக்கு அந்த வகுப்பில் இதை மூன்று கிழமை செய்வித்திருக்கிறார்கள்: ஒரு கருத்து, ஒரு மேற்கோள், அந்த மேற்கோளுக்கு இரண்டு வரி விளக்கம். எனக்கு 1டி ரீச்சர் அதை ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்திருப்பேன் என்று விட்டுவிட்டார். அவரிலும் பிழை இல்லை.

1டி-யில் 54. 2டி-யில் 57. பதினொன்றுக்குப் பாடம் தெரிவு செய்யும்போது களைத்துப்போய் 3சி எடுத்தேன். 82 வந்தது, வீட்டில் கேக் வெட்டினோம். பன்னிரண்டில் 4யு எடுக்கப் போனபோதுதான் 3யு இல்லாமல் ஏலாது என்றார்கள். கோடை விடுமுறையில் நாலு கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை சமர் ஸ்கூலில் 3யு, பிறகு 4யு. 71. விரும்பின துறை கிடைக்கவில்லை, வேறொன்று படிக்கிறேன். பரவாயில்லை, இதுவும் பிடித்திருக்கிறது.

அப்பாவோடு இதைப் பற்றிக் கதைப்பதில்லை.


சட்டம்பியார் · செவ்வாய் இரவு 10.50

தம்பி, கேக் வெட்டினதை வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் 3சி 3யு வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது.


கோவை டு பிராம்ப்டன் · புதன் காலை 7.30

முந்தாநாள் நான் எழுதியது அவசரம். மீடியம் வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. வெண்கட்டி மேடம் சொன்னது நியாயம்.

என் சந்தேகம் ஒன்று. பையன் இப்போது பன்னிரண்டில் 4யு எடுக்கிறான். வாட்டர்லூ இன்ஜினியரிங் அவனுக்குக் கனவு. அதற்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்டால், கணக்கு, இயற்பியல், வேதியியல் மாதிரி 4யு-வும் கட்டாயம் என்கிறான். பள்ளியில் 78தான் வரும் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் பிரைவேட்டில் எடுத்தால் 90 நிச்சயம் என்கிறார்கள். செய்யலாமா?


மேப்பிள் பாணி · புதன் மதியம் 12.44

கட்டாயம்தான் அங்கிள். பிரைவேட்டில் எடுத்தால் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் பி என்று விழும், வெளியே தனியாரிடம் எடுத்தது என்பதற்கு அடையாளம். ஏன் வெளியே எடுத்தாய் என்று கேட்கும் துறைகள் உண்டு. என் அறையில் இருந்த ஒருவன் அப்படி எடுத்து 93 வாங்கினான். முதல் வருட ரைட்டிங் பாடத்தில் இரண்டு தரம் விழுந்தான்.


வெண்கட்டி · புதன் மாலை 5.10

4யு எடுக்க இலவச வழிகளே நிறைய: பகல் பள்ளி, இரவுப் பள்ளி, சமர் ஸ்கூல், ஈ-லேர்னிங். எல்லாம் பொதுப் பள்ளிச் சபைகளே நடத்துபவை. 78 என்பது மூன்றாம் மட்டம், மாகாணத்தின் தரம் 70 முதல் 79 வரை என்பதே. கெட்ட மார்க் கிடையாது. மொத்த மார்க்கில் 70 சதவீதம் வருட வேலை, 30 சதவீதம் கடைசி மதிப்பீடு. இப்போது செப்டெம்பர்தான், ரீச்சரிடம் முதல் எஸ்ஸேயைக் கொண்டுபோய் எந்த இடத்தில் மார்க் போனது என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நம்முடைய பிள்ளைகளுக்கு இலக்கணத்தில் போவதில்லை, அந்தப் பச்சை மையில்தான் போகிறது.

இன்னொன்று: பதினொன்று, பன்னிரண்டில் செமஸ்டர் நடுவில் தரும் ரிப்போர்ட் கார்டு வந்து ஐந்து பள்ளி நாளுக்குப் பிறகு பாடத்தை விட்டால் அது டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகும், மார்க்கோடு. ஒன்பது பத்தில் அந்தத் தொல்லை இல்லை, தேறிய பாடம் மட்டும்தான் ஏறும். விடுவதென்றால் நாளைப் பார்த்து விடவேண்டும்.

வடமராட்சியான் அண்ணைக்குச் சொல்ல மறந்தது, இது முக்கியம். பல பல்கலைக்கழகங்கள் பிள்ளை ஆங்கிலம் பேசும் நாட்டில் எத்தனை வருடம் படித்தது என்று பார்க்கும். நாலு வருடம் முழுதாகக் கேட்கிற இடங்கள் உண்டு. அதற்குக் குறைந்தால் ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் என்ற ஆங்கிலச் சோதனை கேட்பார்கள். உங்கள் மகள் பத்தில் வந்தவள், பன்னிரண்டு முடிக்கும்போது மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். இது ஈஎஸ்எல் எடுத்ததற்கான தண்டனை இல்லை. எடுக்காவிட்டாலும் இதே கணக்குத்தான், இங்கே படிக்கத் தொடங்கியதிலிருந்து எண்ணுவார்கள். மைத்துனர் கேட்ட கதைக்கு வேர் இதுவாக இருக்கலாம்.


மூன்று பிள்ளை அம்மா · புதன் இரவு 8.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூத்தவளுக்குப் பதினொன்றில் ஈஎன்ஜி 3யு கிடையாது, என்பிஈ 3யு என்று போட்டிருக்கிறார்கள். பூர்வகுடி எழுத்தாளர்களின் கதைகளாம். இதை வைத்து 4யு எடுக்க விடுவார்களா? இவர் பயந்துபோய் இருக்கிறார்.


வெண்கட்டி · புதன் இரவு 8.30

விடுவார்கள், பயம் வேண்டாம். என்பிஈ 3யு பதினொன்றாம் வகுப்பின் கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டாகவே எண்ணப்படும். ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மேட்டி, இனுயிட் மக்களின் எழுத்தை வைத்து அதே வாசிப்பு, அதே எஸ்ஸே. ரொறன்ரோ பள்ளிச் சபை 2023 பெப்ரவரியில் பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலத்தை இதற்கு மாற்றுவதாக வாக்கெடுத்து முடிவு செய்தது. அதற்கு முன்பே வேறு சில சபைகள் தொடங்கிவிட்டன.


மூன்று பிள்ளை அம்மா · புதன் இரவு 8.41

நன்றி ரீச்சர். அவள் போன கிழமை, விடுதிப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் கதைத்ததற்கு அடி வாங்கின கதையை வாசித்துவிட்டு வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து தமிழில் கதைத்துக்கொண்டிருந்தாள். வழமையாகப் போனோடு இருக்கிற பிள்ளை.


வடமராட்சியான் · புதன் இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி. மேப்பிள் பாணி தம்பியின் பதிவை மகளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு "அப்பா, ஒருவரும் என்னைக் கேட்கவில்லையே" என்றாள். உண்மைதான், நானும் மனைவியும் மைத்துனருமாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் சொல்வது இது. விஞ்ஞான வகுப்பில் ரீச்சர் கதைப்பதில் பாதி விளங்குவதில்லை, பகிடி சொல்லி எல்லோரும் சிரித்து முடிந்த பிறகுதான் அது பகிடி என்று தெரிகிறது. அதனால் 2டி-க்குப் போக அவளுக்கே விருப்பமில்லை. ஆனால் சி வகுப்பு லேசாக இருக்கிறதாம். நேற்றுத் தந்த பயிற்சித் தாளைக் காட்டினாள். ஒரு பந்தியை வாசித்துவிட்டு மூன்று கேள்விக்கு முழு வசனத்தில் விடை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்கள் முடிக்கும்வரை இருந்தாளாம். வகுப்பும் பி-யோடு கலந்தது.

சி-யிலிருந்து டி-க்கு இப்போதே மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? அல்லது அதுவும் நம்முடைய அவசரமா?


வெண்கட்டி · வியாழன் காலை 6.40

கேளுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் மட்டம் மாற்றுவது சாதாரணம், அந்த முதல் நாள் சோதனை வெறும் தொடக்கம்தான். பயணக் களைப்பில், யாரென்று தெரியாத ஆளுக்கு முன்னால் பிள்ளை எழுதியது. "மறுக்கிறேன்" என்று சொல்லாதீர்கள், ஈஎஸ்எல் ரீச்சரிடம் புதிதாக ஒரு எழுத்து மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பழைய அரைப் பக்கத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மொழி சிக்கலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவளுடைய விஷயத்தை அவளே பாதி விழுங்கிவிடுவாள்.

கதைக்கிறது வேகமாக வரும், எழுதுகிறதும் படிக்கிறதும் ஆறுதலாகத்தான் வரும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்: அன்றாடப் பேச்சு ஒன்றிரண்டு வருடத்தில் பிடிபடும், பாட ஆங்கிலத்தில் சக பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். எனவே டி-க்கு மாறினாலும் ஈ-யைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.


சட்டம்பியார் · வியாழன் காலை 7.15

இதற்கு நானும் சரி. சண்டை பிடிக்கச் சொன்னேன், ரீச்சர் அதையே நல்ல சட்டை போட்டு அனுப்புகிறார்.

அந்த லிட்டரசி டெஸ்ட் (வாசிப்பு, எழுத்துச் சோதனை) பற்றியும் சொல்லிவிடுங்கோ ரீச்சர், பத்தாம் வகுப்பில் அது வருகிறதல்லவா?


வெண்கட்டி · வியாழன் மாலை 4.50

ஓம், ஓஎஸ்எஸ்எல்டி. டிப்ளோமாவுக்கு அது வேண்டும். பத்தாம் வகுப்பில் கணினியில் எழுதுவார்கள், ஒரு மணித்தியாலம் வீதம் இரண்டு பகுதி. 300 எடுத்தால் தேர்ச்சி. பாட மார்க்கில் அது சேராது, முடித்தாரா இல்லையா என்பது மட்டும்தான் டிரான்ஸ்கிரிப்டில். ஈஎஸ்எல் பிள்ளைகளுக்கு ஒத்திவைக்கலாம், எழுதும்போது கூடுதல் நேரமும் கேட்கலாம். தவறினாலும் திரும்ப எழுதலாம், அல்லது அதற்கென்று உள்ள லிட்டரசி பாடத்தை எடுக்கலாம். இதற்காக ரியூஷன் காசு செலவழிக்க வேண்டாம், அதை நடத்துகிற ஈக்யூஏஓ தளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகவே இருக்கிறது.


வடமராட்சியான் · வெள்ளி இரவு 7.55

போய்விட்டு வந்தோம். மூன்று பேரும் போனோம்.

ஈஎஸ்எல் ரீச்சர் நல்ல மனிசி. பழைய தாளை எடுத்துக் காட்டினார். 12 வசனம், அதில் ஒன்பது "தேர் இஸ்" அல்லது "தேர் ஆர்" என்று தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாமரம் இருக்கிறது, ஒரு மைதானம் இருக்கிறது, 32 வகுப்பறை இருக்கிறது. பிழையே இல்லை. 80 மார்க் எடுத்த ஆங்கிலம் அதுதான். பார்த்ததும் மகளே சிரித்துவிட்டாள்.

பிறகு அதே தலைப்பில் இன்னொரு தரம் எழுதச் சொன்னார், ஆனால் என்ன இருக்கிறது என்று எழுதாமல் எது இல்லாமல் போனது உனக்குக் கவலை என்று எழுதச் சொன்னார். மகள் 40 நிமிடம் எடுத்தாள், ஒரு பக்கத்துக்கு மேல். மாமரத்துக்குக் கீழே சாப்பாட்டுப் பெட்டி மாற்றிச் சாப்பிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறாள். பிழைகள் நிறைய. ரீச்சர் அதை வாசித்துவிட்டு, திங்களிலிருந்து டி என்றார். டி-யில் இந்த செமஸ்டர் 17 பிள்ளைகள், வேறு மட்டம் கலக்கவில்லை. அடுத்த செமஸ்டரில் ஈ ஓடும் என்று கைடன்ஸில் எழுதியே தந்தார்கள். ஈ முடித்து 3யு-க்கு நேரே போகலாமா என்பது அப்போது எடுக்கிற மார்க்கைப் பொறுத்ததாம்.

மைத்துனர் இன்னும் நம்பவில்லை. 4யு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கும் கிரெடிட் கிடைக்கும் என்று கைடன்ஸில் சொன்னார்கள். எடுத்தால் பிரயோசனமா?


மூன்று பிள்ளை அம்மா · வெள்ளி இரவு 8.20

எடுங்கோ அண்ணை. விருப்பக் கிரெடிட்டாக எண்ணுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு யு மட்டம் வரை போனால் அந்த ஆறு பாடத்தில் ஒன்றாகக்கூட வரலாம், துறைக்குத் துறை கேட்டுப் பார்க்கவேண்டும். என் இரண்டாமவன் போகிறான். பதிவு இந்த மாதத்தோடு முடியும், கைடன்ஸில் படிவம் வாங்கிக் கையெழுத்து வைக்கவேண்டும். சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுங்கள், அங்கே கன்டீன் இல்லை.